துண்டுத் துணி

ஜாக்கெட் பிட் என்றால் 80 சென்டிமீட்டர். அதில் கைக்கும் கழுத்துக்கும் மிஷினில் பூப்போட்டு, வெட்டித் தைத்துக் கொடுப்பேன். 1994இல் டவுன் கடைக்காரர் துணியைக் கொடுக்கும்போதே சொல்லிடுவார்: "வெட்டுன துண்டெல்லாம் திரும்பி வரணும். காலனிக்குப் போற துணி முழுசா வராது." ஊர்த்தெருப் பெண்களிடம் இந்தக் கணக்கு கிடையாது.

அந்தப் பேச்சுக்குப் பயந்தே சிக்கனம் படிந்தது. 80 சென்டிமீட்டரில் கையின் ஓரம் துணிக்கரையிலேயே வந்துவிடும். வளையம் பிடிக்க இடமிருக்காது. மற்றவர்கள் ஒரு மீட்டர் கேட்பார்கள். நான் அம்மாவின் பழைய நூல்சேலைத் துண்டை வளையத்தில் இறுக்கி, அதன்மேல் துணிக்கரையைப் பெருந்தையலாக ஓட்டிக்கொள்வேன். பூ முடிந்ததும் பின்பக்கம் மிஞ்சிய சேலையைக் கத்தரித்துவிட்டால் சரி. கேன்வாஸ் செலவும் இல்லை. அந்தச் சேலை ஆண்டை வீட்டில் அம்மாவுக்குக் கூலிக்குப் பதிலாகத் தூக்கிப்போட்டது. அதுக்கும் ஒரு வேலை வந்தது பாருங்க!

பாபினில் மிஞ்சும் நூலையும் வீசமாட்டேன். மேல்நூலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், கீழே எந்த நிறம் ஓடினாலும் மேலே தெரியாது.

தீபாவளிக்கு முந்தின வாரம் துண்டுப் பொட்டலத்தை நீட்டினேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. காலால் கூடையைத் தள்ளி, "இதுல போடு" என்றார். கூடைக்குள் கடை மாஸ்டர் வெட்டிக் கழித்த துண்டுகள், முழம் முழமாக.

அடுத்த தடவை வெறுங்கையோடு போனேன். கேட்டார்.

"குப்பைக்குத்தானே மொதலாளி, எங்க வீட்டுக் குப்பையிலயே போட்டுட்டேன்."

மகளின் பாவாடைக் கீழ்ப்பட்டியில் ஏழு நிறம் ஓடியது அந்த வருஷம்.