இரண்டாவது அபிப்பிராயம்

மார்பகத்தை முழுவதும் அகற்றிவிடுவதே உசிதம் என்று வைத்தியர் சொல்லி, சஸ்திர சிகிச்சைக்குத் தேதியும் குறித்துவிட்ட பிறகு, வேறொருவரிடம் அபிப்பிராயம் கேட்டால் இவர் என்ன நினைத்துக்கொள்வாரோ என்று என் தமக்கை தயங்கியபோது, அந்தத் தயக்கத்தில் பயத்தைவிட மரியாதையே மிகுந்திருந்ததைக் கண்டு எனக்குச் சிறிது கோபங்கூட வந்தது.

ஆரம்ப நிலைப் புற்றுக்கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சும் அளித்தால், ஆயுளைப் பொறுத்தவரை அது முழு மார்பகத்தையும் எடுப்பதற்குக் குறைந்ததன்று என்பதை, அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் நடத்திய ஆராய்ச்சிகளின் இருபதாண்டு முடிவுகள் 2002-லேயே காட்டிவிட்டன. ஆயினும் கட்டி பல இடங்களில் இருந்தாலோ, கதிர்வீச்சுக்கு உடல் இடங்கொடாவிட்டாலோ, முதல் வைத்தியர் சொன்னதே சரியாகவும் இருக்கலாம். அதையும் அக்காவிடம் மறைக்கவில்லை.

இரண்டாவது அபிப்பிராயத்துக்கு வெறும் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் போவதில் பிரயோஜனம் சொற்பம். பயாப்ஸி ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் கேட்டு வாங்கி, வேறொரு நிபுணர் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, ஹெர்-2 பரிசோதனைகளையும் மறுபடி பார்க்கச் செய்வதே விசேஷம். முதலில் மருந்தா, கத்தியா என்பதே அதனால் மாறக்கூடும்.

திங்கட்கிழமை போகிறோம். முதல் வைத்தியரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.