ஜனவரியில் பிடிக்க வேண்டிய பிள்ளைகள்

திண்டுக்கல் தோட்டனூத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்கு ஐ.டி.ஐ. பற்றிப் பேசப் போவதென்றால் ஜனவரியில் போய்விட வேண்டும். மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு போனால் பையன்கள் இருக்க மாட்டார்கள். பத்தாம் வகுப்புக் கடைசிப் பரீட்சை முடிந்த வாரமே பெயிண்ட் கான்ட்ராக்டரின் வேனில் ஏறிவிடுவார்கள். எங்கள் வகுப்பு தொடங்க ஆகஸ்ட் ஆகும். அதற்குள் கையில் காசு புழங்கி, தவணையில் போன் வாங்கி, வீட்டுக் கடனில் ஒரு பங்கும் அவன் தலையில் ஏறியிருக்கும். அப்போது போய் பிட்டர், டர்னர் என்றால் மரியாதைக்குத் தலையாட்டுவான், அவ்வளவுதான்.

கணக்கும் அவன் பக்கம்தான் நிற்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. பெயிண்ட் வேலையில் அதை ஏறக்குறைய ஒரே நாளில் வாங்கிவிடுவான். சைக்கிள், பஸ் பாஸ், சீருடை, ஷூ எல்லாம் இலவசம் என்று நான் அடுக்கிக்கொண்டே போவேன். அம்மாக்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்பார்கள்: "படிச்சு முடிச்சா வேலை குடுப்பினமோ சேர்?"

ஊர்ப் பையனின் அம்மாவுக்குச் சொல்கிற பதில் இங்கே செல்லாது. குடியுரிமை இல்லாதவனுக்கு ரயில்வே, மின்வாரியம் எதுவும் கிடையாது. பாஸ்போர்ட் இல்லை என்பதால் துபாயும் சிங்கப்பூரும் இல்லை. வெளியூரில் தங்க அனுமதி வாங்க வேண்டும். ஆள் கணக்கெடுப்பு நாளில் முகாமில் நிற்க வேண்டும். ஒரகடத்துக் கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவன் அதற்கு எத்தனை தடவைதான் லீவு கேட்பான்? அதனால் டிரேடு தேர்வை நான் கடைசியிலிருந்து தொடங்குவேன். வேலை எங்கே இருக்கிறது, அங்கே என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்பது முதலில். டிரேடு அதற்குப் பிறகுதான்.

அப்படிப் பார்த்தால் எங்கள் மாவட்டம் ஒன்றும் மோசமில்லை. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகளில் ரிங் பிரேம் மெயின்டனன்ஸுக்கு ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆதார், பேங்க் கணக்கு, சான்றிதழ் மூன்றும் இருந்தால் பெரும்பாலும் ஆயிற்று. ராத்திரி வீட்டுக்கும் வந்துவிடலாம். வெல்டர் ஒரே வருஷம், எட்டாம் வகுப்பு போதும். பத்தில் தவறியவனை நான் நேராக அங்கேதான் அனுப்புவேன். ஏ.சி. மெக்கானிக் இரண்டு வருஷம். முடித்துவிட்டு டூல்ஸ் பையோடு ஒரு வீட்டு வாசலில் நிற்பவனை நீ எந்த நாடு என்று யாரும் கேட்பதில்லை.

உள்ளே வந்த பிறகு இந்தப் பையன்கள் சில விஷயங்களில் முந்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பிட்டரில் முதல் சில மாதம் அரம் பிடிப்பதுதான் வேலை. இரும்புத் துண்டை மட்டமாக ராவி, ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். இடையில் வெளிச்சம் கசிந்தால் மறுபடி வைஸில் மாட்ட வேண்டும். பாதிப் பேர் இதில் அலுத்துப்போவார்கள். சனி ஞாயிறுகளில் அப்பாவோடு போய்ப் பட்டி பார்த்து உப்புத்தாள் தேய்த்த முகாம் பையனுக்கு மேடு பள்ளம் விரலிலேயே தெரியும். அளவைப் படிப்பதில்தான் தடுமாறுவான். வெர்னியரை வைத்து ஒரு வாரம் உட்கார்ந்தால் அதுவும் வந்துவிடும்.

பெண் பிள்ளைகள் விஷயம் எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. தையல் என்று வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள், இல்லையென்றால் மில். கம்ப்யூட்டர் டிரேடான கோபாவுக்கு ஒருத்தியைச் சேர்த்தால் அடுத்த வருஷம் அவள் தெருவிலிருந்து இன்னும் இருவர் வருகிறார்கள் என்பது மட்டும் தெரியும். பெண்களுக்கு வயது உச்சவரம்பும் கிடையாது. இதைத் திருமணமானவர்களிடம் சொன்னால் நம்பாமல் சிரிக்கிறார்கள்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்கு இந்த முறையில் உடன்பாடில்லை. "கிடைக்காது கிடைக்காதுன்னு நீங்களே பிள்ளைங்க ஆசையைச் சுருக்குறீங்க சார்" என்பார். முழுக்கத் தப்பென்று சொல்ல மாட்டேன். 2021இல் முகாம்களின் பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் தோட்டனூத்தில் 321 வீடுகள் திறந்தார்கள். ஒழுகாத கூரையின் கீழ் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்ப முடிகிறது. 2024 தேர்தலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து ஒரு பெண் ஓட்டுப் போட்ட செய்தி வந்ததும், எங்களுக்கும் கிடைக்குமா சார் என்று என் பையன்களே கேட்டார்கள். அவர் 1986இல் மண்டபத்தில் பிறந்தவர். 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குச் சட்டம் பிறப்பாலேயே குடியுரிமை தருகிறது. என் வகுப்பில் இருப்பவர்கள் 2008, 2009இல் பிறந்தவர்கள். தாயும் தகப்பனும் முகாமில் பதிவானவர்கள் என்றால், திண்டுக்கல் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். இதையும் ஜனவரிக் கூட்டத்திலேயே சொல்லிவிடுகிறேன், பெற்றோரை வைத்துக்கொண்டே. சட்டம் மாறினால் சான்றிதழ் வீணாகப் போகாது, மாறாவிட்டாலும் வேடசந்தூரில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, யார் யாருக்கு ஆதாரில் பெயர் எழுத்து தப்பாக இருக்கிறதென்று பார்க்க ஆரம்பிப்பேன். அதைத் திருத்தி வாங்கவே மே மாதம் வந்துவிடும்.