மோரிகனின் மூன்று காயங்கள்

நவம்பர் 4

மோரிகன் என்றதும் ஓவியர்கள் காகத்தைப் போட்டுவிடுகிறார்கள். அயர்லாந்தின் போர்த் தெய்வம் அவள், காகமும் அவள் உருவம்தான். ஆனால் எனக்கு வரைய ஆசை, ‘டாயின்’ காவியத்தில் வரும் கிழவியை.

இளம்பெண்ணாக வந்து காதலைச் சொன்னவளை வீரன் கூஹுலின் மறுத்துவிடுகிறான். அவன் ஆற்றுத்துறையில் போரிடும்போது விலாங்காக வந்து காலைச் சுற்றுகிறாள். சாம்பல் ஓநாயாகி மந்தையை விரட்டிவிடுகிறாள். கொம்பில்லாத செங்கிடாரியாகப் பாய்ந்து வருகிறாள். விலாங்கின் விலாவை அவன் நொறுக்குகிறான், ஓநாயின் கண்ணைக் கெடுக்கிறான், கிடாரியின் காலை முறிக்கிறான். பிறகு வழியில் ஒரு கிழவி, மூன்று காம்புள்ள பசுவைக் கறந்துகொண்டிருக்கிறாள். தாகத்தில் பால் வாங்கிக் குடித்து அவன் வாழ்த்த வாழ்த்த, அவள் காயங்கள் ஒவ்வொன்றாக ஆறுகின்றன.

நவம்பர் 7

1969இல் தாமஸ் கின்செல்லாவின் மொழிபெயர்ப்புக்கு லூயி ல புரொக்கி வரைந்த படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கறுப்பு மசி, தூரிகை, அவ்வளவுதான். வெறி ஏறினால் கூஹுலினின் ஒரு கண் உள்ளே போய்விடும், இன்னொன்று கன்னத்தில் பிதுங்கும், கால்கள் பின்பக்கம் திரும்பும். காவியமே இத்தனையும் சொல்லிவிட்ட பிறகு, அதையே கோடுகோடாக வரைந்தால் வித்தை காட்டுவதாகிவிடும். ல புரொக்கி வெறும் கறையாக விட்டார். அதில்தான் பயம் இருக்கிறது.

நவம்பர் 9

டப்ளின் பெரிய அஞ்சலகத்தில் ஆலிவர் ஷெப்பர்டின் கூஹுலின் சிலை. 1911இல் செய்தது; 1916 எழுச்சியின் நினைவாக 1935இல் அங்கே வைத்தார்கள். நின்றபடியே சாகத் தன்னைக் கல்லோடு கட்டிக்கொண்டவன். தலை தொங்கிவிட்டது. தோளில் பறவை. அது சின்னதாக இருப்பதுதான் ஷெப்பர்டின் பெருமை. சிறகு விரித்திருந்தால் சாவு பின்னுக்குப் போயிருக்கும்.

நவம்பர் 12

கிழவி உருவாகிவிட்டாள். முக்காலியில் உட்கார வைத்தேன். முறிந்த காலை நீட்டியிருக்கிறாள்; விலா நோகாமலிருக்கப் பசுவின் வயிற்றில் சாய்ந்திருக்கிறாள். மூடிய இமையை மெல்லிய பேனாமுனையால் மடிப்பு மடிப்பாகப் போட்டேன். விலாங்கு, ஓநாய், கிடாரி எதுவும் படத்தில் வேண்டாம். கதை தெரிந்தவர் அந்த உடம்பிலேயே மூன்றையும் கண்டுகொள்வார்.

கூஹுலின் அவளைக் கண்டுகொள்ளவில்லை. நீ என்று தெரிந்திருந்தால் ஆற்றியிருக்க மாட்டேன் என்று பின்னால் சொல்கிறான். அதனால் அவன் கண்ணைப் பால் கிண்ணத்தின் மேலேயே வைத்திருக்கிறேன். அவள் மட்டும் அவனைப் பார்க்கிறாள், இன்னும் ஒரே கண்ணால்.