மதர்போர்டோட போற விண்டோஸ்

லேப்டாப் வாங்கும்போது உள்ளேயே விண்டோஸ் போட்டு வருதே, அது யாருக்குச் சொந்தம்? காசு கொடுத்த நமக்குத்தானேன்னு நினைச்சீங்கன்னா கொஞ்சம் பொறுங்க.

அக்கா மகனோட லேப்டாப் நாலே வருஷத்துல செத்துப் போச்சு. நம்ம பரங்கிப்பேட்டை உப்புக்காத்துல ஜன்னல் கம்பியே பொரிஞ்சு கொட்டுது, மதர்போர்டு எம்மாத்திரம்? சிதம்பரத்துல காட்டினா, போர்டு அவுட்னுட்டாங்க. விண்டோஸ் இல்லாத பழைய டெஸ்க்டாப் ஒண்ணு வாங்கிட்டு வந்து, "மாமா, அதுல இருந்த விண்டோஸை இதுல போட்டுத் தாங்க"ன்னு நிக்கிறான்.

போட முடியாது. கம்பெனியே போட்டுத் தர்ற விண்டோஸுக்கு ஓஇஎம் லைசன்ஸ்னு பேரு. அது ஆளுக்கு இல்ல, அந்த மெஷினுக்கு. ஹார்ட் டிஸ்க்கை மாத்தலாம், ராம் கூட்டலாம், ஒண்ணும் ஆகாது. மதர்போர்டு மாறினாதான் வேற கம்ப்யூட்டர்னு கணக்கு (பழுதான போர்டை வாரண்டியில மாத்தினா மட்டும் விதிவிலக்கு). லேப்டாப்பை வித்தா லைசன்ஸும் கூடவே போகும். தனியா பிரிச்சுக் கொடுக்க முடியாது. முன்னாடியாவது அடியில ஸ்டிக்கர்ல கீ இருக்கும். 2012-ல விண்டோஸ் 8 வந்ததுலேர்ந்து போர்டுல உள்ள சிப்புக்குள்ளேயே எழுதிடுறாங்க. போர்டோட சேர்த்து சமாதி! தனியா வாங்குற ரீடெய்ல் லைசன்ஸ்னா பழைய மெஷின்லேர்ந்து எடுத்துட்டுப் புதுசுல போடலாம். விலைதான் கண்ணைக் கட்டும்.

இதெல்லாம் மாத்த முடியாத விதின்னு நினைச்சுடாதீங்க. ஜெர்மனியோட உச்ச நீதிமன்றம் 2000-லேயே, ஓஇஎம் பிரதியைத் தனியா விக்கிறதை மைக்ரோசாப்ட் தடுக்க முடியாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அதே சரக்கு பெர்லின்ல கைமாறும், பரங்கிப்பேட்டையில மாறாது. என்ன நியாயமோ....

2011-ல தமிழக அரசு கொடுக்க ஆரம்பிச்ச விலையில்லா லேப்டாப்புல விண்டோஸோட, சீடாக் தயாரிச்ச பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. எங்க தெருவுல அதைத் திறந்து பார்த்த பசங்களை நான் பார்த்ததில்ல. ஆனா லேப்டாப் செத்தாலும் வேற மெஷினுக்குத் தூக்கிட்டுப் போகக்கூடியது அதுதான்!

"ஆக்டிவேட்டர் போட்டா எல்லாம் சரியாயிடும்"னு ஒருத்தர் அவனுக்கு யோசனை சொல்லியிருக்கார். வேணாம்டா, அதோட என்ன வைரஸ் வருமோன்னு சொல்லிட்டு லினக்ஸ் மிண்ட் ஏத்திக் கொடுத்தேன். காலேஜ் வேலையெல்லாம் லிப்ரே ஆபிஸ்லதான் ஓடுது. பிரிண்டரோடதான் ரெண்டு நாள் மல்லுக்கட்டினேன். அந்தக் கதையைத் தனியா எழுதுறேன் :)