சின்னக்காவுக்கு என்ன உறவு?

கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய இரண்டு பெண்களைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். ஒருவரை அக்கா என்பேன், மற்றவரைச் சின்னக்கா. தோட்டம் கைமாறியதும் இருவரும் கிள்ளானில் சிறிய அடுக்குமாடி வீடொன்று வாங்கினார்கள். வீடு அக்கா பெயரில். தவணையில் பாதி சின்னக்காவின் சம்பளம். ஒரே அடுப்பு, ஒரே பாய். கல்யாணப் பேச்சு எடுத்தால், "எங்களுக்கு நாங்களே போதும்" என்று சிரிப்பார்கள். நான் மேலே கேட்டதில்லை, கேட்காமலே புரிந்தது.

அக்கா படுக்கையில் விழுந்தபோது மருத்துவமனையில், "நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு?" என்றார்கள். முப்பது வருஷம் கூட இருந்தவர், "சிநேகிதி" என்றார். கையெழுத்துப் போட ஈப்போவிலிருந்து தம்பி வரவேண்டியதாயிற்று.

அக்கா உயில் எழுதவில்லை. கணவன், பிள்ளை, பெற்றோர் இல்லாதவர் சொத்து உடன்பிறப்புக்கு என்பது 1958-ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம். வீடு தம்பிக்குப் போனது. அவர் கெட்டவர் அல்லர். சட்டம் கொடுத்ததை எடுத்துக்கொண்டார். ஆனால் சேமநிதிப் பணம் சின்னக்காவுக்கு வந்தது! வாரிசுப் பாரத்தில் அக்கா என்றோ அவர் பெயரை எழுதி வைத்திருந்தார். முஸ்லிம் அல்லாதவர் அப்படி யாரையும் குறிப்பிடலாம்.

பிரிட்டனில் 2004-இல் சட்டம் இயற்றி, 2005 டிசம்பர் முதல் இப்படிப்பட்ட ஜோடிகளைப் பதிவு செய்தார்கள். பதிந்தவருக்கு, உயில் இல்லாவிட்டாலும் கணவன் மனைவி போலவே சொத்தில் பங்குண்டு. நம் அண்டை நாடான தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் திருமணமே செய்யலாம். இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் மறுத்துவிட்டது. ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றது. நம் நாட்டில், 1982 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டப்படி ஆணும் பெண்ணுமல்லாத திருமணம் செல்லாது. (கோயிலில் தாலி கட்டியதோடு விட்டு, பதிவு செய்யாத தம்பதிகளே, உங்களுக்கும் ஒருநாள் இந்தத் தொல்லை வரும்.)

சின்னக்கா இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டருகே ஓர் அறையில் இருக்கிறார். போன மாதம் உயில் எழுதினார். சாட்சி இருவர் வேண்டும்; சாட்சி போடுபவருக்கு அந்த உயிலில் எதுவும் கிடைக்காது.

"அக்காவின் தோட்டை உனக்கென்று வைத்திருந்தேனே, வேறு ஆளைப் பார்க்கட்டுமா?" என்றார்.

"தோடு வேண்டாம், சின்னக்கா" என்று பேனாவை வாங்கிக்கொண்டேன்.