பொழுது பார்த்துப் புறப்படுவது

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குக் கோபாலபுரம் விளையாட்டு மைதானத்தின் ஓரம் எங்கள் வேன் வந்து நிற்கும். பன்னிரண்டு பேர் ஏறுவோம். ஆளுக்கொரு துணிப்பை, தண்ணீர் பாட்டில், மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். இடையில் ஒரு வயலையோ தோப்பையோ கடற்கரையையோ பார்க்க வேண்டும். அந்த ஊர்ச் சாப்பாட்டை அந்த ஊரிலேயே சாப்பிட வேண்டும். விளைந்ததில் கொஞ்சம் விலை கொடுத்து வாங்கி வர வேண்டும். பதினோரு வருஷமாக மாதம் இரண்டு முறை இதைச் செய்துவருகிறேன்.

எங்கே போகிறோம் என்பதை நான்கைந்து நாளைக்கு முன்னால்தான் சொல்வேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இது சங்கடமாக இருக்கும். "ஒரு மாசம் முன்னாடியே சொல்லிட்டா மத்த வேலைய ஒதுக்கி வெச்சுக்கலாமே அக்கா" என்பார்கள். இடத்தை ஒரு மாதம் முன்னால் சொல்ல என்னால் முடியும். அந்த இடத்தில் அன்றைக்கு என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்த வேலையின் சிரமமும் அழகும் அதில்தான் இருக்கின்றன.

எங்கள் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு மரத்தடிச் சாப்பாடு பழக்கமானது. கதீட்ரல் சாலையில், 1835-இல் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் நிலத்தில், 1962-இல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் வந்தது. காருக்குள் உட்கார்ந்தபடியே சாப்பிடலாம். கார் இல்லாத எங்கள் குடும்பம் நடந்தே போய் உள்ளே மேஜையில் உட்காரும். 2008-இல் அது மூடப்பட்டது. 2010-இல் அந்த இடம் செம்மொழிப் பூங்கா ஆனது. சிறுமியாக அங்கே எத்தனையோ மாலைகளில் தோசை சாப்பிட்டிருக்கிறேன். சுற்றிலும் மரம், செடி, கொடி. இருந்தும் என் தட்டில் இருந்த உளுந்து எந்த மண்ணில், எந்த மாதத்தில் விளைந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கேட்கத் தேவை இருக்கவில்லை. 1996-இல் கோயம்பேடு சந்தை வந்த பிறகு அந்தத் தேவை இன்னும் குறைந்தது. ஊட்டி கேரட்டும் நாசிக் வெங்காயமும் கோலார் தக்காளியும் ராத்திரியோடு ராத்திரியாக வந்து இறங்குகின்றன. விடிந்தால் தெருமுனைக் கடையில் எல்லாம் இருக்கும். நகரத்துக்கு அது பெரிய உபகாரம்; லாரி ஓட்டுகிறவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் தூங்காததால்தான் நாம் சாப்பிடுகிறோம். ஆனால் எல்லாம் எல்லா நாளும் கிடைக்கிற ஊரில் 'இப்போது எதன் காலம்' என்ற கேள்வி மெல்லச் செத்துப்போகிறது.

தொல்காப்பியம் முதற்பொருள் என்று இரண்டைச் சொல்கிறது: நிலம், பொழுது. உணவு அவற்றிலிருந்து பிறக்கும் கருப்பொருள். பள்ளியில் படித்ததில் நம்மில் பெரும்பாலோருக்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை மனதில் நிற்கும். பொழுது நின்றிருக்காது. ஊர் சுற்றிச் சாப்பிடக் கிளம்புகிறவர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். காஞ்சிபுரமா, பழவேற்காடா என்று வரைபடத்தைப் பார்க்கிறார்கள். தையா, வைகாசியா என்று நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

நான்காம் வருஷம், தை மாதம். உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு பெரியவரின் வயலில் கிச்சிலிச் சம்பா அறுவடை பார்க்க நாள் குறித்திருந்தேன். குழந்தைகளோடு பதினாறு பேர் போய் இறங்கினோம். வயலில் தாள் மட்டும் நின்றது. ஈர மண்ணில் பெல்ட் வண்டி திரும்பிய தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"வெள்ளிக்கெழம மிஷின் வந்துடுச்சும்மா. வந்தன்னிக்கே அறுத்துடணும். விட்டா அடுத்த ஊருக்குப் போயிடும். நடுவுல ஒரு மழ அடிச்சா பயிர் படுத்துக்கும்."

ஒரு ஊரில் அறுவடை என்றைக்கு என்பதை இன்று பயிர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அறுவடை இயந்திரம் மணிக்கணக்கு வாடகையில் ஊர் ஊராக வருகிறது. வருகிற அன்று, முற்றிய வயல்காரர்கள் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். கிச்சிலிச் சம்பா போன்ற பாரம்பரிய ரகங்கள் உயரமானவை, காற்றுமழைக்குச் சாய்ந்துவிடும். சாய்ந்த பயிரை அறுக்க இயந்திரத்துக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும், வாடகையும் ஏறும். எங்களுக்காக அவர் இரண்டு நாள் காத்திருந்தால் அந்தப் பருவத்தின் லாபமே போயிருக்கும். அவர் செய்தது சரி. நான் கேட்ட கேள்விதான் தப்பு. "அறுப்பு எப்போது?" என்று கேட்டிருந்தேன். "மிஷின் இப்போது எந்த ஊரில் நிற்கிறது?" என்று கேட்டிருக்க வேண்டும்.

அன்று மத்தியானம் அவர்களை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனேன். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் பொறித்தவை, அங்கே சுவரில் இருக்கின்றன. குடவோலைத் தேர்தலுக்காக அவை பேர் பெற்றவை. யாரை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் படிக்க வேண்டும்: ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம், தோட்டங்களுக்குத் தோட்ட வாரியம், பதவிக்காலம் 360 நாள். எப்போது மதகைத் திறப்பது, எப்போது அடைப்பது என்பது ஓர் ஊரின் சாப்பாட்டுப் பிரச்சினை. அதைக் கவனிக்க ஆள் தேர்ந்தெடுத்து, முறையைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். காலையில் தாளைப் பார்த்து ஏமாந்து நின்ற குழந்தைகள், மாலையில் ஏரிக்கரையில் நின்று மதகு எங்கே என்று தேடினார்கள். அந்த நாள் வீணாகவில்லை. என் நோட்டுப் புத்தகம் மாறியதும் அன்றிலிருந்துதான். அதுவரை ஊர்ப் பெயர்களாக எழுதிவைத்திருந்ததை, சித்திரையிலிருந்து பங்குனிவரை மாதங்களாகப் பிரித்து எழுத ஆரம்பித்தேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகும்போது, செய்யூரைத் தாண்டி இடைக்கழிநாடு வரும். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். பரிசில் பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்கிற பாட்டு அது. அந்த வழியில் எங்கெங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்றும் அவர் சொல்லிக்கொண்டே போகிறார்: கடலோரத்தில் சுட்ட மீன், முல்லை நிலத்தில் புளி சேர்த்த சுடுசோறும் இறைச்சியும், மருதத்தில் வெள்ளைச் சோறும் நண்டும். மண் மாற மாற இலையில் விழுவதும் மாறுகிறது. இந்தத் தொழிலுக்கு முன்னோர் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன். ஒவ்வொரு முறையும் அந்த ஊர் வந்ததும் வேனில் இதைச் சொல்லாமல் நான் கடந்ததில்லை.

அதே சாலையில் மாசி, பங்குனியில் போனால் செய்யூரிலிருந்து மரக்காணம்வரை தர்பூசணிக் கொடி படர்ந்து கிடக்கும். அங்கே ஓர் அம்மா எனக்குக் காய் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். தட்டிப் பார்ப்பது கடைக்காரர் வேலை என்றார். கொடியிலேயே இருக்கும்போது காம்புக்குப் பக்கத்தில் உள்ள சுருளைப் பார்க்க வேண்டும். பச்சையாக இருந்தால் காத்திரு. பழுப்பாகக் காய்ந்திருந்தால் அறு. பிறகு காயைப் புரட்டி, மண்ணில் படிந்திருந்த அடிப்பக்கத்தைப் பார். வெளுப்பு போய் மஞ்சள் ஏறியிருக்க வேண்டும். செடியே நாளைக் குறித்துவைத்திருக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும்.

பழவேற்காட்டில் பொழுதைக் கடல் குறிக்கிறது. மழைக்காலத்தில் ஆரணியாற்று வெள்ளம் ஏரிக்குள் இறங்கும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைக்கும். ஏரிக்கும் கடலுக்கும் இடையிலான அந்த வாசல் திறந்திருக்கிறதா, தூர்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தே இறாலும் நண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கடலுக்குப் போகா. அந்த நாட்களில் வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களை நான் அழைத்துப் போவதில்லை. ஏரி தருவதைச் சாப்பிடச் சம்மதித்தவர்கள் வரலாம்.

அங்கே இருளர் பெண்கள் கையாலேயே இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் தடவிக்கொண்டே போகிறார்கள். இறால் விரலில் பட்டதும் அமுக்கிப் பிடித்து, முகத்துக்கு நேரே தொங்கும் பறிக்குள் போடுகிறார்கள். பல்லை எடுத்தால் பறி போய்விடும், ஆகவே பேச்சே இல்லை. அந்த மௌனத்தைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடும் இறால் தொக்கில் யாரும் ஒரு துண்டைக்கூட மீதி வைத்ததில்லை.

பெரும்பொழுதைப் போலவே சிறுபொழுதும் முக்கியம். சாப்பாட்டுக் கடையைத் தேர்வது என்பதில் பாதி, மணி பார்ப்பதுதான். காஞ்சிபுரம் கோயில் இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலைக்குள் ஊற்றி, மூன்று மணி நேரம்வரை ஆவியில் வேகவைக்கிறார்கள். வரதராஜப் பெருமாளுக்குக் காலையில் நைவேத்தியம். குடலையிலிருந்து எடுத்த சூட்டில் மந்தாரை இலையின் வாசம் இட்லியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். மத்தியானம் சாப்பிட்டால் மிளகும் சுக்கும் தெரியும். இலை வாசம் போயிருக்கும். நாங்கள் ஐந்து மணிக்குக் கிளம்புவது அந்த வாசத்துக்காக.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரை மணியைத் தாண்ட விடமாட்டேன். சின்ன ஊர் மெஸ்ஸில் அப்போதுதான் ரசம் இறக்கியிருப்பார்கள், அப்பளம் சூடாக இருக்கும். நெல் மில்லில் மூட்டை தூக்குகிறவர்களும் பஸ் கண்டக்டர்களும் எந்தக் கடையில் உட்காருகிறார்கள் என்று பார்த்து உள்ளே நுழைவேன். உழைக்கிறவர் வயிற்றை ஏமாற்றுகிற கடை அந்த ஊரில் ஒரு மாதம் தாங்காது. பட்டியலைப் பார்த்துச் சொல்வதற்கு முன், "இன்னிக்குக் காலையில என்ன வந்துச்சு?" என்று கேட்பேன். அந்த ஒரு கேள்விக்குச் சமையல்காரர் முகம் மலர்ந்தால், சரியான இடத்துக்கு வந்திருக்கிறோம்.

வேனில் ஏறும்போதே சில விஷயங்களைச் சொல்லிவிடுவேன். வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். கேட்காமல் எதையும் பறிக்கக் கூடாது, யாரையும் படம் பிடிக்கக் கூடாது. வயலில் பேரம் பேசக் கூடாது. ஒவ்வொருவரும் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, நம்மோடு செலவழித்த நேரத்துக்கான கூலியாக விவசாயி கைக்குப் போகும். நமக்கு ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு அது வேலை நாள். அவருடைய பொழுதும் பொழுதுதான்.

பயணம் வந்தவர்கள் அடிக்கடி கேட்பது ஒன்று உண்டு: "இந்த வயல் அரிசியிலயே இன்னிக்குச் சாப்பாடு போட முடியுமா?" முடியாது. அறுத்த புதிதில் அரிசி குழையும். பொங்கலுக்குப் புத்தரிசி பொருந்துவது அந்தக் குழைவினால்தான். சாப்பாட்டுக்கு உதிரியாக வர வேண்டுமானால் ஆறு மாதமாவது பழக வேண்டும். அன்று நாம் சாப்பிடுவது போன போகத்து நெல். கண்ணால் பார்த்த வயல் இலைக்கு வர இன்னும் நாளாகும். வயலிலிருந்து நேராக இலைக்கு என்று ஆசைப்படலாம். நெல் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

உத்திரமேரூர்ப் பெரியவர் இப்போது தாமே கூப்பிடுகிறார். போன தையில் ஒரு புதன்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வந்தது. "நாளைக்கு விடிய மிஷின் நம்ம ஊருக்கு வருதும்மா. முடிஞ்சா வாங்க." வேலை நாள். பன்னிரண்டு பேரையும் கேட்டேன். ஐந்து பேர் லீவு சொல்லிவிட்டு வந்தார்கள். பனி விலகுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். பெல்ட் வண்டி வயலுக்குள் இறங்கியதும் கொக்குகள் கூட்டமாகப் பின்னால் இறங்கின. தொட்டி நிறைந்ததும் டிராக்டரில் நெல் கொட்டியது. பெரியவர் கைக்குள் ஒரு பிடி அள்ளி, ஒரு மணியைப் பல்லால் கடித்துப் பார்த்து, "காய்ச்சல் போதும்" என்றார். இரண்டு மூட்டை சொல்லிவிட்டு வந்தோம். காயவைத்து அரைத்து அனுப்பினார்.

என் பங்குப் பையின் மேல் 'தை அறுப்பு. ஆடி முடியும்வரை தொடாதே' என்று எழுதி அலமாரியில் வைத்தேன். இது ஆவணி. நேற்று பிரித்து ஒரு ஆழாக்கு வடித்துப் பார்த்தேன். பொலபொலவென்று உதிர்ந்தது. அந்த வியாழக்கிழமை வந்த ஐந்து பேரையும் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்திருக்கிறேன். அன்று வேன் வராது. கோபாலபுரத்திலேயே, எங்கள் வீட்டுக் கூடத்தில், பன்னிரண்டரை மணிக்கு இலை போடுகிறேன்.