சட்லெஜ் மணலும் ஒரு மெல்லிய கவசமும்

இமாசலப் பிரதேசத்தில் சட்லெஜ் நதிக்கரையிலுள்ள ஜாக்ரி நீர்மின் நிலையத்துக்கு நான் சென்றது தை மாதத்துக் கடுங்குளிரில். நதி மெலிந்து, தெளிந்து, பரம சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனி பிறந்து, பனியுருகிய நீரும் மழைநீரும் ஒன்றுகூடிப் பிரவாகமாய் இறங்கும்போது இதே நதி சாம்பல் நிறமாகிவிடும் என்றார்கள். இமயத்தையே அரைத்துக் கொண்டுவரும் அந்த மணலில் பெரும்பங்கு படிகக்கல் துகள்கள்.

நதியின் மேற்பகுதியிலுள்ள நாத்பாவில் தடுக்கப்பட்டு, 27 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கத்தின் வழியே வந்து, 428 மீட்டர் வீழ்ச்சியின் வேகத்தோடு, 250 மெகாவாட் வீதம் ஆறு டர்பைன்களைச் சுழற்றும் அந்நீரில், பூமிக்கடியிலுள்ள 525 மீட்டர் நீளமான வண்டல் அறைகளுக்கும் தப்பிவிடும் நுண்மணல் எஃகை என்ன பாடு படுத்துகிறது என்பதை, பட்டறையில் கழற்றி வைத்திருந்த ஒரு ரன்னரை, அதாவது டர்பைனின் சுழல்சக்கரத்தை, தடவிய என் விரல்களே எனக்கு உணர்த்தின. கறையான் அரித்த உத்தரம் போல் அது அலையலையாய்க் குழிந்து, விளிம்பெல்லாம் காகிதமாய் மெலிந்திருந்தது.

காரணம் எளிது. துருவேறா எஃகைக் காட்டிலும் படிகக்கல் பன்மடங்கு கடினமானது. போதாக்குறைக்கு, நீரின் வேகம் இரட்டித்தால் தேய்மானம் ஏறக்குறைய எட்டு மடங்காகிவிடுகிறது. சரி, மணலினும் கடினமான பொருளைப் போர்த்திவிட்டால் போதாதா என்றால், கடினம் மட்டுமே உடைய பொருள் நேரடியான அடியில் நொறுங்கிவிடுகிறது. மென்மையான உலோகமோ சாய்வாக வரும் மணலால் சீவப்படுகிறது. ஆதலால்தான் டங்ஸ்டன் கார்பைடு என்னும் வன்துகள்களை, கல்லைப் பற்றும் சாந்து போல, கோபால்டும் குரோமியமும் கலந்த உலோகம் பற்றி நிற்குமாறு பொடியாகச் சேர்த்து, அதை எஃகின்மேல் பூச்சாக்குகிறார்கள்.

எனக்கு வியப்பளித்தது பூச்சைவிட அதற்கு முந்திய ஆயத்தமே. மணலடிக்குத் தப்புவிக்க வேண்டிய அந்த எஃகை, முகமூடியணிந்த தொழிலாளி ஒருவர் கூர்மையான அலுமினாத் துகள்களால் தாமே அடித்துச் சொரசொரப்பாக்கிக்கொண்டிருந்தார். “வழவழப்பில் பூச்சு நிற்காது, ஐயா, தோலாய் உரிந்து போகும்” என்றார் அவர், இந்தியில். அடித்த பரப்பின்மேல் வெறுங்கை படுவதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. விரலின் எண்ணெய்ப் பசையே பிடிப்பைக் கெடுத்துவிடுமாம்.

பிறகு மண்ணெண்ணெயும் பிராணவாயுவும் எரியும் துப்பாக்கியை இயந்திரக் கரம் ஏந்திக்கொள்ள, ஒலியின் வேகத்தையும் மிஞ்சிப் பாய்ந்த பொடி, சுவரே அதிரும் இரைச்சலுடன் எஃகில் மோதி அப்பிப் படிந்தது. பலமுறை ஓடி முடித்தபின் பூச்சின் கனம் சுமார் 0.3 மில்லிமீட்டர்தான். துப்பாக்கி ஏறக்குறைய ஓரடி விலகி நேர்முகமாக நிற்க வேண்டியிருப்பதால், ரன்னரின் அலகுகளுக்கிடையே உள்ள குறுகலான இடுக்குகள் முழுவதற்கும் அது எட்டுவதில்லை. நதி முதலில் தேடிக் கண்டுபிடிப்பது அந்த இடங்களைத்தான்.

பூச்சு தேய்மானத்தை ஒழிப்பதில்லை, ஒத்திப்போடுகிறது. அந்த அவகாசம் எவ்வளவு நீளும் என்பதைப் பொடியின் கடினத்தைப்போலவே, பரப்பைத் தூய்மையாக்கிய கையின் சிரத்தையும் நிர்ணயிக்கிறது. நான் விடைபெற்றபோது அந்தத் தொழிலாளி அடுத்த ரன்னரின் அருகே முகமூடியை மாட்டிக்கொண்டிருந்தார். ஆனி பிறக்க இன்னும் ஐந்து மாதங்களே இருந்தன.